அச்சும் அளவையும்: ஆய்விதழ்களின் மதிப்பாய்வு முறை பற்றியதோர் ஆராய்ச்சி

மலையின்கட் புகையைக் கண்டானொருவன் ஆண்டுத் தீயுண்டெனத் துணிகின்றான். அத்துணிவு பிழைபடுதற்கு வாயில் இரண்டு. புகையுள்ளவிடத்துத் தீயுண்டு என்னும் தொடர்பினை அவன் பிறழ உணர்ந்திருத்தல் ஒன்று. அவன் கண்டது புகையன்றிப் பனிப்படலமாயிருத்தல் மற்றொன்று. முன்னையது கருதலின் குற்றம். பின்னையது காட்சியின் குற்றம். முன்னையதனை அளவைநூற் பயிற்சியுடையான் ஒருவன் தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே கண்டு திருத்தலாகும். பின்னையதனை மலையடிவாரஞ் சென்று நோக்கினாலன்றித் தெளிதல் கூடாது. அங்ஙனஞ் சென்று நோக்காதான் ஒருவன், கண்டவன் கூற்றை நம்பி, "இஃது ஆராய்ந்து தெளியப்பட்டது" என முத்திரையிட்டு வழங்குவானாயின், அம்முத்திரையை நம்பிச் செல்வார்க்கு விளையுங் கேட்டிற்கு யார் பொறுப்பாவார்?

இவ்வினா அளவைநூல் மாணவர்க்குரிய விளையாட்டு வினாவன்று. இக்காலத்து உலகெங்கணும் அறிவுத்துறை ஆய்விதழ்கள் நடைபெறும் ஒழுங்கினைப் பற்றிய வினாவேயாம். ஒருவர் எழுதியனுப்பிய கட்டுரையைப் பத்திராசிரியர் அத்துறையிற் பயின்ற இருவர் மூவரிடம் விடுத்து, அவர்தங் கருத்தினைக் கேட்டு, அதன்பின் அச்சிடுதலோ மறுத்தலோ செய்கின்றார். இதனைச் சக அறிஞர் மதிப்பாய்வு என வழங்குவர். இதிற் தேறிய கட்டுரையே ஆராய்ச்சிக் கட்டுரை என்று மதிக்கப்படுகின்றது. மருத்துவர் மருந்து கொடுப்பதும், அரசினர் விதி செய்வதும், பல்கலைக்கழகத்தார் பட்டமும் பதவியும் வழங்குவதும் பெரும்பாலும் இதனைச் சார்ந்தே நிகழ்கின்றன. ஆகலின் இம்முறை எதனை அளக்க வல்லது, எதனை அளக்கமாட்டாதது என்பதை வரையறுத்துக் கோடல் இன்றியமையாததாகும்.

யாம் ஈண்டுச் சொல்லப் புகுந்தது இதுவே: மதிப்பாய்வு என்பது கருதலைச் சோதிக்குங் கருவியேயன்றிக் காட்சிக்குச் சான்றளிக்கும் முத்திரையன்று. அதனை முத்திரையாகக் கொண்டவிடத்து ஒருவரது உரை, காண்டலும் கருதலும் இருக்கவேண்டிய இடத்தைக் கவர்ந்துகொள்ளுகின்றது. அங்ஙனங் கவராவண்ணங் காத்தலே ஆய்விதழின் தலையாய அறம். இதனைச் சில மெய்ந்நிகழ்ச்சிகளைக் கொண்டு விளக்குவாம்.

முதற்கண் இம்முறையின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நலம். 1665ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலண்டன் இராயல் சொசைட்டியின் செயலாளராகிய ஹென்றி ஓல்டன்பர்க் என்பார் 'பிலசாபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ்' என்னும் இதழைத் தம் பொறுப்பில் தொடங்கினார். அதில் எதனைச் சேர்ப்பது, எதனை விடுப்பது என்பது அவர்தம் தேர்ச்சியையே பொறுத்திருந்தது. 1752இல் அவ்விதழைச் சங்கத்தார் தாமே ஏற்றுக் கட்டுரைகளைத் தெரிந்தெடுக்க ஒரு குழுவினை அமைத்தனர். வல்லுநரிடம் எழுத்து மூலமாகக் கருத்துக் கேட்கும் வழக்கம் அச்சங்கத்தில் 1830ஐ ஒட்டிய ஆண்டுகளிலேதான் வேரூன்றியது. 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற இதழ் கட்டுரை ஒவ்வொன்றையும் புறத்தார் மதிப்பாய்வுக்கு முறையாக விடுக்கத் தொடங்கியது 1973ஆம் ஆண்டிலேயாம். வாட்சன், கிரிக் என்னும் இருவர் மரபணுவின் இரட்டைச் சுருள் வடிவினை உரைத்த கட்டுரை 1953இல் அவ்விதழில் வெளிவந்தபோது அத்தகைய மதிப்பாய்வுக்கு உட்பட்டிலது. ஆகவே, தொன்றுதொட்டு வந்த விதியெனப் பலராலும் கருதப்படும் இம்முறை, உள்ளவாறு நோக்குமிடத்து நேற்றுத் தோன்றியதேயாகும். தொன்மை காட்டி அதனைக் குறையற்றதென நாட்டுதல் இயலாது. பயன் காட்டியே நாட்டல் வேண்டும்.

இனி, மதிப்பாய்வாளரின் ஒரு சொல் நல்லதொரு நூலை எவ்வாறு புதைத்துவிடும் என்பதற்கு ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் என்பாரின் வரலாறு சான்று. அவர் ஸ்காட்லாந்து நாட்டினர், எடின்பரோவிற் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை மாணாக்கர்க்கு ஆசிரியராகப் பம்பாயில் வாழ்ந்துவந்தார். ஓய்வு நேரத்தில் வாயுக்களின் இயல்பை ஆராய்ந்து, அவை ஓயாது விரைந்தியங்கும் நுண்ணிய மூலக்கூறுகளால் ஆயவை என்றும், வெப்பநிலை என்பது அவ்வியக்கத்தின் அளவே என்றும் கணித முறையால் நாட்டி, 1845இல் இராயல் சொசைட்டிக்கு ஒரு நீண்ட கட்டுரை விடுத்தார். மதிப்பாய்வாளர் இருவர் அதனை நோக்கினர். அவருள் ஒருவர் அக்கட்டுரை முழுதும் பொருளற்ற பிதற்றல் என்றும், சங்கத்தின் முன் படிக்கவுந் தகாதது என்றும் எழுதிவிட்டார். 1846இல் அதன் சுருக்கம் மட்டும் வெளியாயிற்று. முழுக் கட்டுரை அச்சேறவில்லை. சங்கத்தின் அக்கால வழக்கப்படி அது திருப்பியும் அனுப்பப்படவில்லை. வாட்டர்ஸ்டன் தம்மிடம் படியொன்றும் வைத்திருந்தாரல்லர். கையெழுத்துப் படி இலண்டன் அலமாரியில் உறங்கிற்று.

அதே கொள்கையைப் பின்னர் 1857இல் கிளாசியஸ் என்பாரும், அடுத்து 1860இல் மாக்ஸ்வெல் என்பாரும் தாமே கண்டு வெளியிட்டுப் பெரும்புகழ் எய்தினர். வாட்டர்ஸ்டன் 1883இல் எடின்பரோவில் ஒருநாள் வீட்டை விட்டுச் சென்றார், மீண்டாரல்லர். 1891இல், அச்சங்கத்தின் செயலாளராயிருந்த ரேலி பிரபு பழைய ஏடுகளிடையே அக்கட்டுரையைக் கண்டெடுத்து, அதன் அருமை உணர்ந்து, அடுத்த ஆண்டே தமது முன்னுரையுடன் அதே 'டிரான்சாக்ஷன்ஸ்' இதழில் வெளியிட்டார். அக்கட்டுரை உரிய காலத்தில் வெளிவராமையால் இத்துறையின் வளர்ச்சி பத்துப் பதினைந்தாண்டு பின்தங்கிற்று என்பது அவர் கருத்து.

இதில் நாம் கருதற்பாலது மதிப்பாய்வாளர் பிழைபட்டார் என்பதன்று. பிழைபடுதல் மாந்தர்க்கு இயல்பு. அக்கட்டுரையினும் ஓரிரு வழுக்கள் இருந்தன என்பது உண்மையே. "பிதற்றல்" என்பது தீர்ப்பேயன்றிக் காரணமன்று என்பதே ஈண்டு நோக்கற்பாலது. எவ்விடத்து ஏது பிழைத்தது, எவ்விடத்துக் கணிதம் வழுவிற்று என்று காட்டியிருந்தால் ஆசிரியர் விடை கூறியிருப்பார், அன்றேல் திருத்தியிருப்பார். காரணங் கூறாத தீர்ப்பிற்கு விடை கூறுதல் எவர்க்கும் இயலாது. நம் சாத்திர ஆசிரியர் பிறர் மதத்தை மறுக்குமுன் அதனை அவர் கொண்டவாறே எடுத்துரைத்தலைக் கடமையாகக் கொண்டனர். பரபக்கம் என ஒரு பகுதியே வகுத்து, எதிரியின் கொள்கையை அவன் வாயாற் கேட்பது போல முன்வைத்து, அதன்பின்னரே தடை நிகழ்த்தினர். அந்நெறி பம்பாயிலிருந்து வந்த அக்கட்டுரைக்குக் கிட்டவில்லை. எழுதியவர் பெயரறியாதவர், தொலைவிலுள்ளவர் என்பதே அதற்கெதிராயிருந்த பெருந்தடை என்று கருத இடமுண்டு.

இது கொண்டு மதிப்பாய்வே வேண்டாம் என்று துணிதலும் தவறாம். 1936இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், நாதன் ரோசன் என்னும் துணைவருடன், ஈர்ப்பலைகள் என்பன இல்லை என நாட்டும் கட்டுரையொன்றை அமெரிக்காவிலுள்ள 'பிசிக்கல் ரிவியூ' இதழுக்கு விடுத்தார். பத்திராசிரியர் ஜான் டேட் அதனை மதிப்பாய்வுக்கு விடுத்து, வந்த நீண்ட குறிப்புரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். தம் கட்டுரையை அச்சிடுமுன் பிறர்க்குக் காட்டத் தாம் இசைவளிக்கவில்லை எனச் சினந்து ஐன்ஸ்டைன் அதனைத் திரும்பப் பெற்றார். ஆயினும் வேறோரிதழில் 1937இல் அது வெளிவந்தபோது முடிபு மாறியிருந்தது. முன்னையதிற் கணிதப் பிழை இருந்தமை இடையே தெளிவாயிற்று. குறிப்புரை எழுதியவர் எச். பி. ராபர்ட்சன் என்னும் அறிஞர் என்பது 2005இலேதான் உலகறிய வெளியாயிற்று. அவர் தம் பெயரை மறைத்தே, ஐன்ஸ்டைனுக்குத் துணையாயிருந்த இன்ஃபெல்டிடம் அப்பிழையை விளக்கி, அவர் வாயிலாகத் திருத்தமும் நிகழச் செய்தார். 2015இல் ஈர்ப்பலைகள் கருவியால் நேரே உணரப்பட்டன.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்து வைத்து நோக்குக. முன்னதில் மதிப்பாய்வாளர் தீர்ப்பு மட்டும் எழுதினார். பின்னதிற் காரணம் எழுதினார். முன்னதில் ஆசிரியரின் பெயரின்மை அவர்க்குக் கேடாயிற்று. பின்னதில் ஆசிரியரின் பெரும்பெயருங்கூடப் பிழையைக் காக்கவில்லை. தக்கவாறு நிகழ்ந்த மதிப்பாய்வு ஆசிரியர்க்குப் பகையன்று, துணையே என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

மேற்கூறிய இரண்டும் கருதலைப் பற்றியவை. கட்டுரையின் உள்ளேயே அவற்றின் குணமுங் குற்றமுங் கிடந்தன, திண்ணையிலிருந்தே காணத்தக்கவை. காட்சியே பொய்யாயவிடத்து நிகழ்வது யாதென இனி நோக்குவாம்.

1998ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் இங்கிலாந்தின் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் வேறு 12 பேரும் எழுதிய கட்டுரையொன்று வெளிவந்தது. 12 குழந்தைகளைச் சோதித்ததாகவும், அவருட் பலர்க்குக் குடல்நோயும் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறையுங் கண்டதாகவும், தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றிற்குஞ் சேர்த்துப் போடும் தடுப்பூசிக்குப் பின்னரே அக்குறை தோன்றியதாகப் பெற்றோர் கூறினர் என்றும் அதிற் கண்டிருந்தது. தொடர்பு நாட்டப்படவில்லை என்று கட்டுரையே கூறியிருந்தும், வேக்ஃபீல்ட் செய்தியாளர் கூட்டத்தில் அக்கூட்டு ஊசியை நிறுத்தித் தனித்தனி ஊசி போடலாம் என்றார். மக்கள் அஞ்சினர். இங்கிலாந்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 92 ஆக இருந்த ஊசி போட்ட குழந்தைகளின் தொகை 2003-04இல் நூற்றுக்கு 80 அளவிற்கு இறங்கிற்று. 14 ஆண்டுகளாக அடங்கியிருந்த தட்டம்மை இங்கிலாந்திலும் வேல்சிலும் மீண்டும் நிலைகொண்டுவிட்டது என 2008இல் அறிவிக்கப்பட்டது.

இதனை வெளிப்படுத்தியவர் மதிப்பாய்வாளர் அல்லர். பிரையன் டீர் என்னும் செய்தியாளர். ஊசி உற்பத்தியாளர் மீது வழக்குத் தொடுக்க முயன்ற வழக்கறிஞர் வாயிலாக வேக்ஃபீல்டிற்குப் பணம் வந்தமையை அவர் 2004இல் வெளியிட்டார். அச்செய்தி கட்டுரையிற் கூறப்பட்டிலது. அவ்வாண்டே உடனாசிரியருட் பதின்மர் கட்டுரையின் பொருள்கோளிலிருந்து விலகினர். 2010 சனவரியில் பிரிட்டானிய மருத்துவப் பேரவை தன் விசாரணை முடிபை வெளியிட்டது. பெப்ரவரி 2ஆம் நாள் 'லான்செட்' கட்டுரையை முற்றும் மீட்டுக்கொண்டது. குழந்தைகள் வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்ளப்பட்டனர் என்பதும், சோதனைகட்கு அறக்குழுவின் இசைவு பெறப்பட்டது என்பதும் பொய்யென மெய்ப்பிக்கப்பட்டன என அவ்விதழே கூறிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் வேக்ஃபீல்ட் மருத்துவர் பட்டியலினின்றும் நீக்கப்பட்டார். குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகளோடு கட்டுரையிற் கண்ட செய்திகள் முரணியவாற்றை 2011இல் மற்றொரு மருத்துவ இதழ் விரிவாக வெளியிட்டது.

மதிப்பாய்வாளர் கையில் இருந்தது கட்டுரை மட்டுமே. குழந்தைகளை அவர் கண்டிலர். மருத்துவமனைக் குறிப்புகளையுங் கண்டிலர். புகையெனக் கூறப்பட்டதைப் புகையெனவே கொண்டு, அதன்மேல் எழுந்த கருதலை ஆய்ந்தார். ஆயினும் அச்சேறியபின் 'லான்செட்' என்னும் பெயர் அக்காட்சிக்கும் சான்றாக மக்களாற் கொள்ளப்பட்டது. 1998 முதல் 2010 வரை 12 ஆண்டு அம்முத்திரை அழிக்கப்படாமல் இருந்தது. அம்முத்திரைக்கு விலை கொடுத்தவர் ஆசிரியருமல்லர், இதழாருமல்லர். ஊசியின்றி நோயுற்ற குழந்தைகளேயாவர்.

இரண்டாவது நிகழ்ச்சி அண்மைக் காலத்தது. கொரோனாக் கொள்ளைநோய் உலகை வருத்திய 2020 மே மாதம் 22ஆம் நாள் அதே 'லான்செட்' ஹைட்ராக்சி குளோரோகுவின் என்னும் மருந்து பற்றியதொரு கட்டுரையை வெளியிட்டது. ஆறு கண்டங்களில் 671 மருத்துவமனைகளிலிருந்து 96,032 நோயாளரின் குறிப்புகளைத் தொகுத்து ஆய்ந்ததாகவும், அம்மருந்துண்டவரிடையே சாவு மிகுந்ததாகவும் அது கூறிற்று. குறிப்புகள் சர்ஜிஸ்பியர் என்னும் ஒரு சிறு கம்பெனியினுடையவை. சில நாளிலேயே உலகச் சுகாதார நிறுவனம் அம்மருந்தைப் பற்றிய தன் பெருஞ்சோதனையை இடைநிறுத்திற்று. ஆஸ்திரேலியாவில் இறந்தோராகக் கட்டுரை காட்டிய தொகை அந்நாட்டில் அதுவரை பதிவான சாவுத் தொகையினும் மிகுந்திருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட அறிஞர் ஒன்றுகூடி வெளிப்படையான மடல் எழுதி மூலக்குறிப்புகளைக் காட்டுமாறு வினவினர். தனித்த ஆய்வாளர்க்குங்கூட அவற்றைக் காட்டக் கம்பெனி மறுத்தது. சூன் 4ஆம் நாள், வெளிவந்த 13 நாளில், ஆசிரியர் நால்வருள் மூவர் கட்டுரையை மீட்டுக்கொண்டனர். அதே கம்பெனியின் குறிப்பைக் கொண்டு அமெரிக்காவின் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட மற்றொரு கட்டுரையும் அன்றே மீட்கப்பட்டது.

இதன்கண் ஒரு நுட்பம் உளது. மறுநாள், சூன் 5இல், இங்கிலாந்தில் முறையாக நடந்த 'ரெக்கவரி' என்னும் சோதனையார், மருத்துவமனையிற் சேர்ந்த நோயாளர்க்கு அம்மருந்தாற் பயனில்லை என்று தம் முடிபை வெளியிட்டனர். "அங்ஙனமாயின் மீட்கப்பட்ட கட்டுரையும் ஏறக்குறைய உண்மையைத்தானே கூறிற்று?" எனச் சிலர் வினவலாம். அற்றன்று. பனியைப் புகையென்று கண்டு தீயுண்டென்றவன், அம்மலையில் வேறோரிடத்தில் உண்மையாகவே தீயிருந்தால், அறிந்து சொன்னவனாகான். முடிபு மெய்யாதல் வேறு. முடிபிற்குரிய ஏது மெய்யாதல் வேறு. ஏதுப்போலியால் நாட்டப்பட்டது தற்செயலாய் மெய்யோடு பொருந்தினும் அஃது அறிவெனப்படாது. இவ்வேறுபாட்டை விட்டுவிட்டால் தாம் விரும்பிய முடிபிற்கேற்பக் காட்சியைப் புனைவார்க்கு எத்தடையும் இராது.

ஈண்டுத் தடைகள் சில எழும். "மதிப்பாய்வாளர் காட்சியைச் சோதிக்க இயலாதென நீரே கூறினீர், பின்னை இதழின்மேற் குற்றங் கூறுவது எற்றுக்கு?" என்பது முதற்றடை. மதிப்பாய்வாளர்க்கு இயலாமை உண்மையே. ஆயினும் மூலக்குறிப்புகளைக் கேட்டுப் பெறுதல் பத்திராசிரியர்க்கு இயலும். காணமாட்டாததைக் கண்டதாக உலகு கருதுமாறு விடுதலே குற்றம். 2020 செப்டம்பரில் 'லான்செட்' தானே தன் விதியைத் திருத்தி, ஆசிரியருள் ஒருவர்க்கு மேற்பட்டார் மூலக்குறிப்புகளை நேரே நோக்கிச் சரிபார்த்தமையை உறுதி கூறல் வேண்டும் என்று வகுத்துக்கொண்டது. இயலுமென்பதற்கு அதுவே சான்று. கேடு நிகழ்ந்த பின்னரே அவ்விதி வந்தது என்பதுதான் வருந்தத்தக்கது.

"பிழையை ஒப்புக்கொள்ளின் இதழின் மதிப்புக் குன்றாதோ?" என்பது இரண்டாந்தடை. 12 ஆண்டு காத்திருந்த மீட்பையும் 13 நாளில் நிகழ்ந்த மீட்பையும் ஒப்பிடின் விடை தானே விளங்கும். பின்னதிலும் இதழ் நாணமுற்றது. ஆயினும் கேடு வேரூன்றுமுன் களையப்பட்டது. இங்கிலாந்திற் பத்திராசிரியர் சிலர் 1997இல் தொடங்கிய வெளியீட்டு அறக்குழு, மீட்புக் குறிப்பு யாவர்க்கும் கட்டணமின்றிக் கிடைத்தல் வேண்டும் என்றும், மீட்டவர் யார், மீட்டற்குக் காரணம் யாது என்பன அதன்கண் விளங்கல் வேண்டும் என்றும் நெறி வகுத்துள்ளது. மீட்கப்பட்ட கட்டுரையை மறைத்தலும் ஆகாது. மீட்கப்பட்டதென்னும் அடையாளத்தோடு அஃது இருந்த இடத்திலேயே நிற்றல் வேண்டும். பிழையை மறைத்து வைத்தல் இரண்டாவது பிழையாம்.

"மதிப்பாய்வாளர் முகமறியாதவராயிருத்தல் முறையோ? நம் நாட்டு அரங்கேற்றத்தில் தடை கூறுவோன் அவை நடுவே எழுந்து நின்றன்றோ கூறுவன்?" என்பது மூன்றாந்தடை. இத்தடை வலியுடையது. ஆயினும் இளையோர் ஒருவர் பெரும்பதவியுடையார் கட்டுரையிற் பிழை காணுமிடத்துப் பெயர் மறைத்தல் அவர்க்குக் காப்பாகும். ராபர்ட்சன் தம் பெயரை மறைத்தது பகையாலன்று. பெயர் மறையலாம், காரணம் மறைதல் கூடாது. சில இதழ்கள் மதிப்பாய்வாளர் குறிப்புரையையும் ஆசிரியர் விடையையும் கட்டுரையோடு சேர்த்தே இப்பொழுது வெளியிடுகின்றன. தடையும் விடையும் அவையறிய நிகழும் நம் பழைய முறைக்கு இது நெருங்கியதாகலின் போற்றத்தக்கதேயாம்.

இதுகாறும் கூறியவை பிறநாட்டார் செய்தி எனக் கருதி நாம் வாளாவிருத்தல் ஆகாது. 2013இல் அமெரிக்காவின் 'சயன்ஸ்' இதழின் சார்பில் ஜான் பொகானன் என்பார், யாவரும் எளிதிற் காணத்தக்க பிழைகளை வேண்டுமென்றே வைத்துப் புனைந்த கட்டுரையை 304 இதழ்கட்கு விடுத்துப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றன, 98 மறுத்தன. அவ்விதழ்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இந்தியாவிலிருந்து நடைபெற்றவை. அவற்றுள் 64 ஏற்றன, 15 மட்டுமே மறுத்தன. ஆசிரியரிடம் பணம் பெற்று அச்சிடுதலையே தொழிலாகக் கொண்ட இதழ்கள் பல இங்ஙனம் வெளிப்பட்டன. பிறநாட்டிலும் இந்நோய் உண்டு. 2023இல் ஹிந்தாவி என்னும் பதிப்பகம், பொய்யான மதிப்பாய்வு முதலிய காரணங்களால், 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகளை மீட்டுக்கொள்ள நேர்ந்தது. முத்திரைக்கு மதிப்பு மிகுந்தால் முத்திரையை விற்பாரும் தோன்றுவர்.

நம் நாட்டில் அம்மதிப்பை விதியே உயர்த்திற்று. முனைவர் பட்டத்திற்கு ஆய்வேடு கொடுக்குமுன் மதிப்பாய்வு இதழொன்றிற் கட்டுரை வெளிவந்திருத்தல் வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக்குழு 2016ஆம் ஆண்டு விதியில் வகுத்தது. தகுந்த இதழ்களின் பட்டியலொன்றும் தந்தது. அப்பட்டியலிலிருந்து 2018இல் 4,305 இதழ்கள் தகுதியற்றன என நீக்கப்பட்டன. 2019இல் 'கேர்' என்னும் புதுப்பட்டியல் வந்தது. 2022ஆம் ஆண்டு விதியில் அக்கட்டாயம் விடப்பட்டது. 2025 பெப்ரவரியில் அப்பட்டியலும் கைவிடப்பட்டு, இதழின் தகுதியை ஆராயும் பொறுப்பு அவ்வக் கல்வி நிலையத்தாரிடமே விடப்பட்டது. இவ்வரலாறு கற்பிப்பது யாது? கட்டுரையைப் படித்து மதிப்பதற்கு மாறாக இதழின் பெயரைப் பட்டியலிற் பார்த்து மதிக்கப் புகுந்தோம். பட்டியல் பொய்த்தபோது நம் கையில் ஒன்றும் எஞ்சவில்லை. பொறுப்பு இப்பொழுது கற்றோர் கைக்கு மீண்டுள்ளது. அதனை ஏற்றுப் படித்து மதிப்பாராயின் நலம். வேறொரு பட்டியலைத் தேடுவாராயின் பழைய கேடே மீளும்.

இறுதியாக, கடமைகளைத் தொகுத்துக் கூறுவாம். கட்டுரையாளர் தாம் கண்டதைக் கண்டவாறே குறித்து வைத்து, கேட்டார்க்குக் காட்ட ஒருப்படல் வேண்டும். பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் உரைத்தல் வேண்டும். பிறர் கருத்தைப் பிறரது என்றே கூறல் வேண்டும். பெயரைச் சேர்க்க இசைந்த உடனாசிரியர் ஒவ்வொருவரும், சேர்த்த பெயரளவிற்கு, அதன் மெய்ம்மைக்குப் பொறுப்பாதல் வேண்டும். மதிப்பாய்வாளர் ஆசிரியர் கொள்கையை முதற்கண் தம் சொல்லால் நேர்மையுடன் எடுத்துரைத்து, பின்னர்க் காரணங் காட்டித் தடை கூறல் வேண்டும். தமக்கு விளங்காததை விளங்கவில்லை என்றே எழுதல் வேண்டும். பகையும் நட்பும் உளவாயின் முன்னரே கூறி விலகல் வேண்டும். பத்திராசிரியர் மதிப்பாய்வு எதனை ஆராய்ந்தது, எதனை ஆராயவில்லை என்பதை மறையாது கூறி, பிழை காட்டப்பட்டால் நாள் கடத்தாது ஆராய்தல் வேண்டும். படிப்போர்க்கும் கடமை உண்டு. அச்சிற் கண்டமையால் மட்டும் மெய்யெனக் கொள்ளாது, ஏது யாது, காட்சி யாது என்று வினவிப் படித்தலே அது.

உரையளவையை நாம் இகழ்வேமல்லேம். ஆயினும் உரை அளவையாவது கூறுவோன் ஐயந்திரிபற அறிந்தவனாய், அறிந்தவாறே கூறுபவனாய் இருந்தவிடத்து மட்டுமே என்பது நம் சாத்திரத் துணிவு. ஓரிதழின் பெயர் அத்தகைய ஆத்தனாகாது. 'லான்செட்' வெளியிட்டது என்பதால் 12 குழந்தைகளின் குறிப்பு மெய்யாயிற்றில்லை. இராயல் சொசைட்டி அலமாரியில் வைத்தது என்பதால் வாட்டர்ஸ்டனின் கணிதம் பிதற்றலாயிற்றுமில்லை. முத்திரை பொருளை ஆக்காது. பொருள் உள்ளவிடத்து அதனைக் காட்டும் அடையாளமே அது. ஆய்விதழ் நடத்துவோரும், அவற்றில் எழுதுவோரும், அவற்றைப் படிப்போரும் இதனை மறவாதிருப்பாராயின், இனியொரு வாட்டர்ஸ்டன் தம் வாழ்நாளிலேயே விடை பெறுவர். இனியொரு பொய்க்காட்சிக்குக் குழந்தைகள் விலை கொடுக்க நேராது.